லூஃபியோடு கப்பலேறுவது எப்படி? ‘ஒன் பீஸ்’ தொடங்க நினைப்பவர்களுக்கு

“ஆயிரத்துக்கும் மேல அத்தியாயமா? ஆளை விடுங்க சாமி.”

‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியக் காமிக்ஸைப் படித்துப் பாருங்கள் என்று நான் சொன்னவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே கழன்றுகொண்டார்கள். இன்னும் சிலர் நடுவில் எங்கேயோ கைவைத்து, யார் யாரென்று புரியாமல் மூடிவைத்தார்கள். ஒழுங்காகத் தொடங்கிய நாலைந்து பேர் மட்டும் இன்றுவரை என்னை விடுவதாக இல்லை. இரவு பதினோரு மணிக்கு “அண்ணா, 81 முடிச்சிட்டேன்” என்று ஒரு வாட்ஸாப் செய்தி வரும். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. அது என்ன 81 என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த முதல் இரண்டு வகையினருக்கு. நானும் முதலில் இரண்டாம் வகைதான். உறவுக்காரப் பையன் ஒருவன் அதன் அனிமேயில், அதாவது கார்ட்டூன் தொடரில், 400 சொச்சம் எபிசோடு ஓடிக்கொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து “இவன்தான் ஹீரோ” என்று காட்டினான். ரப்பர் மாதிரி கை நீளும் ஒரு பையன் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டாதது கதையின் குற்றமில்லை, நான் ஏறிய இடம் தப்பு.

சரி, எதில் ஏறப்போகிறோம் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஒன் பீஸ்’ எய்ச்சிரோ ஓடா எழுதி வரையும் மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். 1997 ஜூலை 22-ல் ஷூயெய்ஷா பதிப்பகத்தின் ‘வாராந்திர ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடங்கியது. அப்போது ஓடாவுக்கு வயது 22. ஐந்து வருடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இன்று 1,150 அத்தியாயங்களையும் 110 தொகுதிகளையும் தாண்டியாகிவிட்டது, கதை இப்போதுதான் கடைசிப் பெரும்பகுதிக்குள் போயிருக்கிறது. 2022-ல் உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகள் என்ற எண்ணைத் தொட்டது. 2025-ல் இந்தோனேசியாவிலும் நேபாளத்திலும் நடந்த போராட்டங்களில் வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி ஒன்றைச் செய்திப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கதையின் கொடிதான்.

கொடிக்குச் சொந்தக்காரன் மங்கி டி. லூஃபி. கப்பல் கேப்டன், கடற்கொள்ளையன், பதினேழு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பியவன். கடற்கொள்ளையர்களின் மன்னனாக இருந்த கோல் டி. ரோஜர், மரண தண்டனை மேடையில் சாவதற்கு முன் “என் புதையல் வேண்டுமா? எல்லாவற்றையும் ஓர் இடத்தில் விட்டுவிட்டேன், தேடிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் புதையலின் பெயர்தான் ஒன் பீஸ். அதைக் கண்டுபிடித்து அடுத்த மன்னனாக வேண்டும் என்பது லூஃபியின் ஆசை. கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் வழியில் நடப்பது.

முதல் படி: முதல் அத்தியாயத்தை மங்காவில் படியுங்கள்

அனிமேயில் இல்லை, மங்காவில். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், ஆனால் காரணம் இருக்கிறது. அனிமேயின் முதல் எபிசோடில் லூஃபி ஒரு மரப்பீப்பாய்க்குள்ளிருந்து குதித்து வருவான். அவனுடைய சின்ன வயசுக் கதையை நாலாவது எபிசோடில்தான் காட்டுவார்கள். மங்காவில் முதல் அத்தியாயமே அந்தச் சின்ன வயசுக் கதைதான். அதைப் படிக்காமல் பீப்பாயிலிருந்து தொடங்கினால், யாரோ ஒரு சிரித்த மூஞ்சிப் பையன் ஏன் இப்படித் திரிகிறான் என்றுதான் தோன்றும்.

அந்த அத்தியாயத்தை நிதானமாகப் பாருங்கள். ஃபூஷா என்ற காற்றாலைக் கிராமம், அங்கே ஒரு மதுக்கடை. ஷாங்க்ஸ் என்ற சிவப்புத் தலைக் கொள்ளையனும் அவன் ஆட்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஏழு வயது லூஃபி ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ என்று நச்சரிக்கிறான். தைரியத்தைக் காட்ட, கத்தியால் இடது கண்ணுக்குக் கீழே தானே குத்திக்கொள்கிறான். அந்தத் தழும்பு இன்றுவரை அவன் முகத்தில் இருக்கிறது. ஒருநாள் மலைக்கொள்ளையன் ஒருவன் கடைக்குள் வந்து ஷாங்க்ஸின் மேல் மதுவைக் கொட்டி அவமானப்படுத்துகிறான். ஷாங்க்ஸ் திருப்பி அடிக்கவில்லை, சிரிக்கிறான், தரையைத் துடைக்கக் குனிகிறான். லூஃபிக்கு அவமானம் தாங்கவில்லை. கோபத்தில், மேஜைமேல் இருந்த பெட்டியில் கிடந்த ஒரு பழத்தை எடுத்துத் தின்றுவிடுகிறான். அது ஒரு சாத்தான் பழம். தின்றவன் உடம்பு ரப்பராகிவிடும், அதற்கு விலையாக வாழ்நாள் முழுக்க நீச்சல் வராது. கடலில் விழுந்தால் கல் மாதிரி மூழ்க வேண்டியதுதான். கடற்கொள்ளையனாகப் போகிறவனுக்கு!

அப்புறம் லூஃபிக்கு உயிர் போகிற ஆபத்து வரும்போது அதே ஷாங்க்ஸ் கடலில் குதிக்கிறான். திரும்பி வரும்போது அவனுக்கு இடது கை இல்லை. லூஃபி அழுகிறான். ஒரு கைதானே, நீ உயிரோடு இருக்கிறாயே என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறான் ஷாங்க்ஸ். ஊரைவிட்டுப் போகும்போது தன் வைக்கோல் தொப்பியைப் பையன் தலையில் வைத்து, ‘பெரிய கொள்ளையனாகி ஒருநாள் திருப்பிக் கொடு’ என்கிறான்.

ஐம்பது சொச்சம் பக்கத்துக்குள் முழுக் கதையின் விதையும் இருக்கிறது. அவமானப்படுத்தினால் சிரித்துக்கொண்டு போகலாம், ஆனால் நண்பன்மேல் கைவைத்தால் விடக்கூடாது. லூஃபி பிறகு செய்வதெல்லாம் இந்த ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டது. பத்து வருடம் கழித்துச் சின்னஞ்சிறு படகில் கிளம்பும்போது, தனக்குப் பத்துப் பேராவது வேண்டும் என்கிறான். கையில் வரைபடம் கிடையாது, ஆள் கிடையாது.

கேப்டனைப் படிப்பது எப்படி

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் லூஃபியேதான். “இவன் என்ன, முட்டாளா?” என்பார்கள். ஆமாம், பல விஷயத்தில் முட்டாள்தான். இறைச்சி, சண்டை, தூக்கம், திரும்ப இறைச்சி. யாராவது சோகக் கதை சொன்னால் பாதியில் தூங்கிவிடுவான். திட்டம் போட்டால் முதல் ஆளாகக் கெடுப்பான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மங்காவில் மற்ற பாத்திரங்களுக்கு மனதுக்குள் பேசும் வரிகள் நிறைய வரும். லூஃபிக்கு ஏறக்குறைய கிடையாது. அவன் என்ன நினைக்கிறான் என்று ஓடா நமக்குச் சொல்வதில்லை. நினைத்தால் அப்போதே வாய்விட்டுச் சொல்வான், இல்லையென்றால் கையால் செய்வான். அதனால் அவனைப் புரிந்துகொள்ள அவன் பேச்சைவிடக் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். குறிப்பாக, தொப்பி எங்கே போகிறது என்று.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் ஒரே சூத்திரம் இதுதான்: தொப்பியைப் பின்தொடருங்கள். யாராவது அந்தத் தொப்பியைக் கிழித்தால் லூஃபிக்கு எப்படிக் கோபம் வருகிறது, கிழிந்ததை யார் தைத்துக் கொடுக்கிறார்கள், அவனே அதைக் கழற்றி யார் தலையில் எப்போது வைக்கிறான். பகி என்ற கோமாளிக் கொள்ளையனோடு வரும் சண்டையில் இது தொடங்கும். அங்கே ஊசி நூலோடு உட்காரும் ஆளின் பெயர் நாமி. மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடா உணர்ச்சியை எப்படிக் காட்டுவார் என்பதற்கு இன்னொன்று, மூன்றாவது அத்தியாயத்திலிருந்து. ஸோரோ என்ற வாள்வீரனைக் கடற்படை முற்றத்தில் கம்பத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள், பட்டினி. ஒரு சின்னப் பெண் சுவர் ஏறிக் குதித்து அவனுக்குச் சோற்று உருண்டை கொண்டுவருகிறாள். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுப் பிடித்தது. அதிகாரியின் மகன் அதைப் பிடுங்கி, ஒரு கடி கடித்துத் துப்பி, காலால் மிதித்துவிடுகிறான். அவர்கள் போனபின் ஸோரோ லூஃபியிடம் கேட்கிறான், அந்த மண்ணில் கிடப்பதை எடுத்துக் கொடு என்று. மண்ணோடு மென்று விழுங்கிவிட்டு, நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்லிவிடு என்கிறான். மூன்று வாள் பிடிப்பவன், பயங்கரமானவன் என்று ஊரே நடுங்கும் ஆள். லூஃபி அவனைக் கூட்டாளியாக்க முடிவெடுத்தது ஏன் என்று தனியாக விளக்கத் தேவையே இல்லை.

எதில் படிப்பது

தமிழில் அதிகாரபூர்வ மங்கா மொழிபெயர்ப்பு இல்லை. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், பள்ளி ஆங்கிலம் போதும். படம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஷூயெய்ஷாவே நடத்தும் ‘மங்கா பிளஸ்’ செயலி பெரும்பாலான நாடுகளில் கிடைக்கும், இலங்கை, மலேசியா உட்பட. முதல் சில அத்தியாயங்களும் மிக அண்மையவையும் இலவசம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும், ஆங்கிலப் பதிப்பை வெளியிடும் விஸ் நிறுவனத்தின் ‘ஷோனென் ஜம்ப்’ செயலியும் உண்டு. மாதச் சந்தா கட்டினால் பழைய அத்தியாயங்கள் அத்தனையும் திறக்கும். காகிதம்தான் வேண்டும் என்பவர்கள் விஸ் வெளியிடும் மூன்று தொகுதிகள் சேர்ந்த குண்டுப் பதிப்பைப் பாருங்கள். அதில் நாலு புத்தகம் வாங்கினால் 12 தொகுதி, அதாவது முதல் பெரும்பகுதி முழுசாக வந்துவிடும். எடுத்தவுடன் பெட்டி செட் வாங்காதீர்கள். முதல் பெட்டியில் 23 தொகுதி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அலமாரியில் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்.

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பக்கத்தின் மேல் வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் போய், பிறகு கீழே. பேச்சுக் குமிழிகளும் அப்படித்தான். தமிழ்க் காமிக்ஸ் படித்து வளர்ந்த கண்ணுக்கு முதல் இருபது பக்கம் குழறும். யாரோ பதில் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வி கேட்பது மாதிரி இருக்கும். இரண்டாவது அத்தியாயத்தில் சரியாகிவிடும்.

விஸ் பதிப்பில் ஸோரோவின் பெயர் ‘ஸோலோ’ என்று இருக்கும். அச்சுப்பிழை இல்லை, வேறு ஆளும் இல்லை. ரசிகர்கள் எல்லோரும் சொல்வது ஸோரோ.

போனில் படிப்பவர்களுக்கு ஒன்று. ஓடா இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரையும் இடங்கள் உண்டு. அங்கே போனைப் படுக்கவையுங்கள். பிற்கால அத்தியாயங்களில் கட்டங்களுக்குள் அவ்வளவு ஆட்களை அடைத்துவைப்பார், ஆறு அங்குலத் திரையில் எறும்புப் புற்று மாதிரித் தெரியும். முடிந்தால் டேப்லட்.

அத்தியாய முகப்புப் படங்களைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வெறும் அலங்காரம் மாதிரி தெரியும் ஆனால் பலவற்றில் தனியாக ஒரு குட்டிக் கதை ஓடும், தோற்றுப்போன வில்லன் பிறகு என்ன ஆனான் என்கிற மாதிரி. அவற்றில் நடப்பது பின்னால் முக்கியக் கதைக்குள் வந்து சேரும். தொகுதிகளில் வாசகர் கேள்விக்கு ஓடா பதில் சொல்லும் பக்கங்களும் இருக்கும். கிறுக்குத்தனமான கேள்விகள், அதைவிடக் கிறுக்கான பதில்கள்.

95 வரை மட்டும்

ஆயிரத்துச் சொச்சத்தை மறந்துவிடுங்கள். உங்கள் இலக்கு 95. ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம், ஏறக்குறைய இருபது நிமிடம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

அந்த 95-க்குள் என்ன இருக்கிறது? ஸோரோ சேருகிறான். பகியின் ஊர் வருகிறது (8 முதல் 21 வரை), ஜாலியானது. பிறகு பொய் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் உசோப்பின் கிராமம் (22 முதல் 41). இங்கேதான் சிலருக்குக் கொட்டாவி வரும். ஒரு மலைச்சரிவில் சண்டை இழுத்துக்கொண்டே போகும், எனக்கும் அது பெரிதாகப் பிடிக்காது. ஆனால் அவர்களுடைய முதல் உண்மையான கப்பலான ‘கோயிங் மெர்ரி’ இங்கேதான் கிடைக்கிறது. அந்தக் கப்பலை அலட்சியமாகப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். அடுத்து கடல் நடுவே மிதக்கும் ஓர் உணவகம், சமையல்காரன் சாஞ்சி (42 முதல் 68). பசித்து வந்தவன் எதிரியானாலும் சோறு போடு என்பது அவன் கொள்கை. அது எங்கிருந்து வந்தது என்ற பின்கதையைச் சாப்பிட்டு முடித்த கையோடு படிக்காதீர்கள், தட்டில் மிச்சம் வைத்ததற்குக் குற்ற உணர்ச்சி வரும்.

69-லிருந்து 95 வரை நாமியின் ஊர், அர்லாங் என்ற மீன்மனிதன். நான் இதுவரை யாருக்கெல்லாம் சிபாரிசு செய்தேனோ, அவர்கள் ரசிகர்களானார்களா இல்லையா என்பது இந்த இருபத்தேழு அத்தியாயத்தில்தான் முடிவானது. 81-ல் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். தொப்பியைப் பின்தொடருங்கள் என்று சொன்னேனே, அங்கே தொப்பி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. லூஃபி அதிகம் பேசுவதில்லை. அடுத்து நாலு பேர் தெருவில் நடந்து போகும் படம் ஒன்று வரும். அந்தப் படத்தைப் பார்த்தபின்னும் உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால், தாராளமாக மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பிடிக்காததை 1,150 அத்தியாயம் படிக்க இது பரீட்சைப் பாடம் இல்லை.

தோன்றினால் 100 வரை போய்விடுங்கள். அதற்குள் லூஃபியின் தலைக்கு முதல் விலை வந்திருக்கும், 3 கோடி பெரி (அந்த உலகத்துப் பணம்). தன் படம் போட்ட ‘தேடப்படுபவர்’ சுவரொட்டியைப் பார்த்து அவன் குதிக்கும் குதி இருக்கிறதே! அதன்பிறகு அந்தத் தொகைதான் கதையின் மதிப்பெண் பட்டியல். ஒவ்வொரு பெரிய கலவரத்துக்குப் பிறகும் ஏறும்.

கடல் வரைபடம், கொஞ்சமாக

101-ல் புதுக் கடலுக்குள் நுழைவதற்கு முன் உலகத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள், பிறகு குழப்பமே இருக்காது. ஓர் உலக உருண்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக அதை முழுக்கச் சுற்றி ஒரு மதில் மாதிரி நிற்கும் நிலம், ரெட் லைன். அதற்குக் குறுக்கே, இடுப்பில் பெல்ட் கட்டியது மாதிரி சுற்றி ஓடும் கடல், கிராண்ட் லைன். இரண்டும் வெட்டிக்கொள்வதால் மிச்சக் கடல் நாலு துண்டாகிறது: ஈஸ்ட் புளூ, வெஸ்ட் புளூ, நார்த் புளூ, சவுத் புளூ. லூஃபி கிழக்குக்காரன். நாலில் அதுதான் சாதுவான கடல் என்று பெயர்.

கிராண்ட் லைனுக்குள் சாதாரணத் திசைகாட்டி வேலை செய்யாது. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு காந்தப்புலம், அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தீவைக் காட்டும் ‘லாக் போஸ்’ என்ற கண்ணாடிக் குமிழ்தான் வழி. கதை ஏன் தீவு தீவாகப் போகிறது என்பதற்கு ஓடா வைத்த காரணம் இது. வெறும் வசதிக்காக எழுதியிருக்கலாம், ஆனால் அதைக் கடல் பயண விதியாகவே மாற்றிவிட்டார். கிராண்ட் லைனின் இரு ஓரத்திலும் காற்றே வீசாத ஒரு பட்டை, அதில் ராட்சதக் கடல் மிருகங்கள். குறுக்கு வழி தேடுகிறவர்கள் அங்கே இரையாவார்கள்.

சாத்தான் பழங்களில் மூன்று வகை என்பதும், கடற்படை, உலக அரசு, பெரிய கொள்ளையர்கள் என்று மூன்று தரப்பு இருப்பதும் போகப்போகத் தெரியும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன சுவாரசியம்: ஓடா நிஜக் கடற்கொள்ளையர்களின் பெயர்களை வாரி எடுத்திருக்கிறார். ரொரோனோவா ஸோரோவில் 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கொள்ளையன் லொலோனே இருக்கிறான். 1718-ல் கொல்லப்பட்ட ‘கருந்தாடி’ எட்வர்ட் டீச்சின் பெயரை இரண்டாக உடைத்து இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார். யார் யாருக்கு என்பதை நீங்களே கண்டுபிடிப்பது நல்லது.

அனிமே பார்க்கலாமா?

பார்க்கலாம். டோயெய் அனிமேஷன் 1999 அக்டோபர் 20 முதல் தயாரித்து வருகிறது, 2021-ல் ஆயிரமாவது எபிசோடு. லூஃபிக்கு ஆரம்பத்திலிருந்து குரல் கொடுப்பவர் மயுமி தனாகா, ஒரு பெண்மணி. அந்தச் சிரிப்பைக் கேட்டபின் மங்காவிலும் அதே குரல்தான் காதில் ஒலிக்கும். அதனால் முதல்முறை ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலுமாகப் பாருங்கள் என்பேன். இணையத்தில் எங்காவது சாஞ்சி சிகரெட்டுக்குப் பதில் லாலிபாப் வைத்திருக்கும் ஆங்கிலப் பதிப்பு கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2004-ல் அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சிக்காக வெட்டிக் கொத்திய வடிவம் அது.

சிக்கல் வேகத்தில்தான். வாராவாரம் ஓடும் அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிடக் கூடாதே என்று இழுப்பார்கள். தொடக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் டிரெஸ்ரோசா பகுதிக்கு வரும்போது மங்காவில் 102 அத்தியாயத்தை அனிமே 118 எபிசோடாக இழுத்திருக்கும். ஓர் ஆள் ஓடுவதை முகம், கால், திரும்ப முகம் என்று காட்டிக்கொண்டே இருப்பார்கள். முந்தைய எபிசோடின் சுருக்கம் வேறு நாலு நிமிடம். மொத்தம் 1,150 எபிசோடு என்றால் 450 மணி நேரத்துக்கு மேல். அதே கதையை மங்காவில் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் படித்துவிடலாம். 2026-லிருந்து வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோடு என்று குறைத்திருப்பது இந்த இழுவைக்கு நல்ல மருந்துதான்.

என் பழக்கம் இது: மங்காவில் படிப்பேன், பெரிய காட்சிகளுக்கு மட்டும் அனிமேக்குப் போவேன். நாமியின் அந்தக் காட்சி 37-வது எபிசோடில் இருக்கிறது. படித்துவிட்டுப் பாருங்கள், இசையோடு வேறு மாதிரி அடிக்கும்.

முழுக்க அனிமேயில்தான் வருவேன் என்பவர்கள் ஃபில்லர்களை, அதாவது மங்காவில் இல்லாத இட்டுக்கட்டிய பகுதிகளைத் தாண்டலாம். 54-லிருந்து 60 வரை ஒன்று, 131-லிருந்து 143 வரை சில. ஒரு விதிவிலக்கு, 196 முதல் 206 வரை. ஒரு கடற்படைக் கோட்டைக்குள் லூஃபி கூட்டம் மாட்டிக்கொண்டு தப்பிப்பது, மங்காவில் இல்லையே என்று நானே வருத்தப்பட்ட பகுதி. 206 வரை படம் பழைய டிவி மாதிரி சதுரமாக இருக்கும், 207-லிருந்து அகலத் திரை. உங்கள் டிவியில் கோளாறு இல்லை.

ஸ்பாய்லர், அதாவது உங்கள் உண்மையான எதிரி

கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடும் கதை. இதுவரை வந்தது எல்லாமே இணையத்தில் பரவிக் கிடக்கிறது. எந்தப் பாத்திரத்தின் பெயரையும் தேடுபொறியில் தட்டாதீர்கள். இரண்டு எழுத்து அடித்ததுமே கீழே வந்து நிற்கும் பரிந்துரையில் ‘மரணம்’ என்று இருக்கும். எனக்கு அப்படித்தான் கதையின் ஆகப்பெரிய அடி ஒன்று, 300 அத்தியாயத்துக்கு முன்பே தெரிந்துபோனது. ஒரு பெயரின் எழுத்துக்கூட்டு சரியா என்று பார்க்கப் போனேன், அவ்வளவுதான். ரசிகர் விக்கி, யூடியூப் முகப்புப் படம், அனிமேயின் தொடக்கப் பாட்டு எல்லாமே கொடுத்துவிடும். பாட்டில் இன்னும் அறிமுகமாகாத ஆட்கள் வரிசையாக நின்று போஸ் கொடுப்பார்கள். தொடக்கப் பாட்டைத் தாண்டுங்கள், முதல் பாட்டான ‘வீ ஆர்’ தவிர. அதைத் தாண்டுவது பாவம்.

ஏற்கெனவே முடித்த நண்பன் இருந்தால் அவனிடம் சந்தேகம் கேளுங்கள், ஆனால் முதலிலேயே எண்ணைச் சொல்லிவிடுங்கள்: “நான் 143-ல இருக்கேன், அதுக்கு மேல வாயைத் திறக்காதே.”

நூறுக்குப் பிறகு

பாலைவன நாடான அலபாஸ்டா கதை 217-ல் முடியும். அதன்பின் வானத்துத் தீவு, 302 வரை. ‘அதைத் தாண்டிடு, தேவையில்லை’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அங்கே சிரிப்பாகச் சொன்ன பல விஷயங்களை ஓடா பல வருடம் கழித்து வட்டியோடு வசூலிக்கிறார். அதை ஒட்டி, 303-லிருந்து 321 வரை விளையாட்டுப் போட்டி ஒன்று வரும். அங்கே வேகமாகப் புரட்டினால் நான் காட்டிக் கொடுக்கமாட்டேன். உடனே அதற்கடுத்து வரும் வாட்டர் 7 நகரம், இத்தொடரிலேயே கேப்டனாக இருப்பது என்றால் என்ன என்று லூஃபிக்கு உறைக்கும் இடம். அதுவரை அவன் ஜாலியான தலைவன். ஒரு கேப்டன் வேண்டாத முடிவை எடுத்து, அதில் நின்றாக வேண்டிய கட்டம் அங்கேதான் வருகிறது. அவன் கையைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

597, 598-ல் கதைக்குள்ளேயே இரண்டு வருடம் ஓடிவிடும். நடுவில் நீண்ட இடைவேளை விட வேண்டும் என்றால் அது நல்ல இடம். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: அதன்பிறகு பெண் பாத்திரங்களை வரையும் விதம் பலரையும் முகம் சுளிக்க வைக்கும், என்னையும்தான். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கவனத்தில் வையுங்கள். பதின்வயதுக்காரர்களுக்கான வாசிப்பு இது.

நெட்ஃபிளிக்ஸில் 2023 ஆகஸ்ட் 31-ல் வந்த நடிகர்கள் நடித்த தொடர், முதல் சீசன் எட்டு எபிசோடு, 95-வது அத்தியாயம் வரை. இன்யாக்கி கொதோய் என்ற மெக்சிகோ பையன் லூஃபியாக நடித்திருக்கிறான். அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்திருக்கிறான். படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்காரர்களை இழுக்க நல்ல தூண்டில். ஆனால் வரிசையை மாற்றியிருக்கிறார்கள், சில சண்டைகளைத் தூக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மங்காவை 96-லிருந்து தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், ஒன்றிலிருந்தே. அந்தச் சர்க்கரைச் சோற்று உருண்டைக்காகவாவது.

திரைப்படங்கள் பெரும்பாலும் தனிக் கதைகள். பார்க்காமல் விட்டாலும் எதுவும் தொக்கி நிற்காது.

இதையெல்லாம் தாண்டி நீங்கள் ஒருநாள் அண்மைய அத்தியாயத்தை எட்டிப் பிடித்துவிட்டால், அதன்பின் மற்றவர்களைப் போல வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். புது அத்தியாயம் ஜப்பானில் திங்கள் பிறக்கும் நேரத்தில் வரும். அதாவது நமக்கு ஞாயிறு இரவு எட்டரை, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரவு பதினொன்று. ஓடா விடுப்பு எடுக்கும் வாரங்களும் உண்டு. எட்டரைக்குச் செயலியைத் திறந்து ஏமாறுவதற்கு முன், போன அத்தியாயத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் அடுத்த வாரம் இடைவேளை என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.